இருந்த இடத்து அலுவலகம்

தொலைபேசி தோன்றிய நாள்தொட்டு நெடுங்காலம் அஃது இடத்தின் கருவியாகவே இருந்து வந்தது. 1876ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் கிரகாம் பெல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக, அலுவலகமொன்றின் தொலைபேசி இலக்கம் அங்குப் பணிபுரியும் மனிதரைக் குறித்ததன்று. சுவரிலிருந்து வரும் கம்பி சென்று முடியும் மேசையையே குறித்தது. மேசையை விட்டு எழுந்தவர் அழைப்பையும் விட்டு எழுந்தவரானார். கோப்பின் நிலையும் இதுவே. அலுமாரியின் திறவுகோலை உடையவர் அதன் முன் வந்து நின்றாலன்றிக் கோப்புத் திறவாது.

இற்றைநாளில் இந்நிலை மாறிவிட்டது. மேசையின் இலக்கம் மனிதரைப் பின்தொடர்கின்றது. கோப்பு அவர் இருக்கும் இடத்தில் திறக்கின்றது. கூட்டம் அவரவர் வீட்டு விறாந்தையில் கூடுகின்றது. இம்மாற்றம் எவ்வாறு நிகழ்கின்றது, அதன் பயன் யாது, அதற்குரிய விலையை இறுப்பவர் யாவர் என்னும் மூன்று வினாக்களை, ஒலுவிலில் அமைந்த இலங்கைத் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சூழலை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒலுவிலும் தூரமும்

கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் எனக் கரையோரமாகத் தெற்கு நோக்கி வருவோர் ஒலுவிலை அடைவர். அதற்கப்பால் பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஊர்கள் தொடர்கின்றன. கிழக்கே கடலும் மேற்கே நெல்வயலும் சூழ்ந்த இந்நிலத்தில், அமைச்சராயிருந்த எம். எச். எம். அஷ்ரப் அவர்களின் பெருமுயற்சியால், 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996இல் முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனம் தென்கிழக்குப் பல்கலைக்கழகம். அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் உள்ளது. ஆகவே தோற்றத்திலேயே அஃது ஈரிடத்து நிறுவனம்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் அமைச்சும் கொழும்பில் உள்ளன. ஒலுவிலிலிருந்து கொழும்புக்கு வீதி வழியே முந்நூறு கிலோமீற்றருக்கும் மேல். ஒரு மணித்தியாலக் கூட்டமொன்றுக்குச் செல்பவர் ஓர் இரவைப் போவதிலும் மற்றோர் இரவை வருவதிலும் பேருந்தில் கழித்தல் வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்தோ பேராதனையிலிருந்தோ வரும் புறப் பரீட்சகரின் நிலையும் அத்தகையதே. தலைநகரில் வாழ்வோர்க்குத் தொலைவிலிருந்து பணிபுரிதல் ஒரு வசதி. இக்கரையோரத்தார்க்கோ அது காலத்தையும் பணத்தையும் உடல்நலத்தையும் ஒருங்கே தொடும் காரியம்.

கருத்தின் பிறப்பு

பணியாளரைப் பணியிடத்துக்கு அனுப்புவதினும் பணியைப் பணியாளரிடத்துக்கு அனுப்புதல் எளிதன்றோ என்னும் கேள்வியை ஆராய்ச்சிப் பொருளாக்கியவர் அமெரிக்கரான ஜாக் நில்ஸ் என்பவர். விண்வெளிப் பொறியியலில் தேர்ந்த அவர், 1973இல் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் இருந்தவாறு இக்கருத்துக்குப் பெயரும் இட்டார். எழுத்தர் அனைவரும் நகர நடுவிலுள்ள ஒரே கட்டடத்துக்கு நாள்தோறும் ஊர்வதற்குப் பதிலாக, தத்தம் வீட்டுக்கு அண்மையிலுள்ள சிறு நிலையங்களில் இருந்து கம்பி வழியே வேலையைச் செலுத்தலாம் என்பது அவர் காட்டிய வழி. உலகை எண்ணெய்த் தட்டுப்பாடு வாட்டிய ஆண்டும் அதுவே. எரிபொருள் அருகிய வேளையில் பிறந்த இக்கருத்து, ஏறத்தாழ ஐம்பது ஆண்டு கழித்து இலங்கையில் எரிபொருள் அருகியபோது மீண்டும் அரசாணையாக ஒலித்தது. அதனைப் பின்னர்க் காண்போம்.

குரல் பொதியாகும் முறை

பழைய தொலைபேசியில் பேசுவோர் இருவர்க்கிடையே ஒரு முழுப் பாதை ஒதுக்கப்பட்டது. இருவரும் மௌனமாயிருந்தாலும் அப்பாதை வேறெவர்க்கும் பயன்படாது. இணையத்தின் முறை வேறு. இங்குக் குரல் துண்டுதுண்டாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு துண்டும் முகவரி எழுதிய ஒரு பொதியாகிப் பொதுப்பாதையில் செல்கின்றது.

தொலைபேசித்துறையின் பழைய அளவைப்படி, குரலலை செக்கனுக்கு 8,000 முறை அளக்கப்படுகின்றது. ஒவ்வோர் அளவும் 8 பிற்றுகளால் குறிக்கப்படுகின்றது. எனவே செக்கனுக்கு 64,000 பிற்றுகள். இதனை 20 மில்லிசெக்கனுக்கு ஒரு துண்டாக வெட்டினால், துண்டொன்று 160 பைற்றுகளும், செக்கனுக்கு 50 துண்டுகளும் ஆகும். ஒவ்வொன்றின் தலையிலும் முகவரி முதலிய குறிப்புகளுக்கென மேலும் 40 பைற்றுகள் ஏறுகின்றன. கூட்டிப் பார்க்குங்கால், ஒரு திசையில் செல்லும் குரலுக்குச் செக்கனுக்கு 80,000 பிற்றுகள், மணித்தியாலத்துக்கு மூன்று கோடியே அறுபது இலட்சம் பைற்றுகள் வேண்டும். இன்றைய செயலிகள் குரலைச் சுருக்கி இதனினும் குறைவாகவே செலவிடுகின்றன.

முகத்தைக் காட்டும் படமும் சேருமாயின் கணக்கு வேறாகும். படம் செக்கனுக்குப் பத்து இலட்சம் பிற்று வீதம் வருமெனக் கொண்டால், மணித்தியாலத்துக்கு நாற்பத்தைந்து கோடி பைற்றுகள் செல்லும். அஃதாவது சுருக்காத குரலைப் போலப் பன்னிரண்டு மடங்குக்கும் மேல். டேட்டாவை அளந்து வாங்கும் வீட்டில் இவ்வேறுபாடு சிறிதன்று. விரிவுரையாளர் தம் முகத்தை மறைத்துக் குரலையும் பாடக்குறிப்பையும் மட்டும் அனுப்புவாராயின், கேட்கும் மாணாக்கர் ஒவ்வொருவருடைய பணப்பையையும் அவர் காத்தவராவார்.

பொதிகளின் பயணத்தில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. கடிதமோ கோப்போ செல்லும்போது வழியில் தவறிய பொதி மீண்டும் அனுப்பப்படுகின்றது. சற்றுத் தாமதித்து வந்தாலும் குற்றமில்லை. உரையாடலிலோ தாமதித்து வந்த சொல் வராத சொல்லே. ஆதலின் தவறிய பொதியை மீளக் கேளாது விடுத்து, அடுத்த பொதியை ஒலித்துச் செல்வதே முறை. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் குரல் 150 மில்லிசெக்கனுக்குள் சேர்தல் நன்று என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதனை மிகவும் கடப்பின் இருவரும் ஒரே வேளையில் பேசத் தொடங்கி, இருவரும் நிறுத்தி, மீண்டும் இருவரும் தொடங்குவர்.

இங்கு ஓர் உண்மை புலனாகும். ஒளியிழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் கிலோமீற்றர் செல்கின்றது. கொழும்பிலிருந்து ஒலுவிலுக்கு இழையின் நீளத்தை 400 கிலோமீற்றர் எனக் கொண்டாலும் பயணத்துக்கு 2 மில்லிசெக்கனே போதும். ஆகவே குரல் தடுமாறுவதற்குக் காரணம் ஊரின் தூரமன்று. வீட்டுக்கும் அலைபேசிக் கோபுரத்துக்கும் இடைப்பட்ட கடைசிச் சில கிலோமீற்றர்களும், ஒரே கோபுரத்தை மாலைவேளையில் நூற்றுக்கணக்கானோர் பகிர்ந்துகொள்வதுமே காரணம்.

இலக்கம் மனிதரைப் பின்தொடர்தல்

அலுவலகத்துக்குள் மேசைக்கு மேசை பேசுதற்கென உள்ளக இணைப்பகம் ஒன்று உண்டு. முன்னர் அதில் ஒவ்வோர் உள்ளக இலக்கத்துக்கும் ஒவ்வொரு கம்பி இருந்தது. 1999இல் முதற்கண் தரப்படுத்தப்பட்டு 2002இல் திருத்தம் பெற்ற எஸ்.ஐ.பி. என்னும் நெறிமுறை இக்கட்டை அவிழ்த்தது. அதன்படி, கருவி தானே இணைப்பகத்துக்குத் தன் இருப்பை அறிவிக்கின்றது: “இவ்விலக்கத்துக்குரியவர் இப்பொழுது இம்முகவரியில் உள்ளார்.” இவ்வறிவிப்புக் குறித்த கால இடைவெளியில் புதுப்பிக்கப்படுகின்றது. கல்முனைத் தொலைபேசிப் பிரதேசத்தின் குறியீடாகிய 067இல் தொடங்கும் இலக்கமொன்றை அழைப்பவர், மறுமொழி கூறுபவர் ஒலுவில் அலுவலகத்தில் இருக்கின்றாரோ கொழும்பில் ஒரு விடுதியில் இருக்கின்றாரோ என்று அறிய வேண்டுவதில்லை.

இதில் ஓர் இடர் உண்டு. பெரும்பாலான வீடுகளில் கருவிகள் பலவும் ரவுட்டர் ஒன்றின் பின்னே ஒரே வெளிமுகவரியைப் பகிர்ந்து கொள்கின்றன. ஒரே வளவுக்குள் நான்கு குடும்பங்கள் இருக்கத் தபாற்காரருக்குப் படலையின் இலக்கம் மட்டுமே தெரிந்த நிலையை இஃது ஒக்கும். உள்ளிருந்து புறப்பட்ட கடிதத்துக்கு மறுமொழி வந்தால் அது யாருக்கென ரவுட்டர் அறியும். புதிதாக வெளியிலிருந்து வரும் அழைப்பை அஃது அறியாது. ஆகவே வீட்டிலுள்ள கருவி சிறுசிறு பொதிகளை இடைவிடாது அனுப்பிப் படலையைத் திறந்தே வைக்கின்றது. அதுவும் கைகூடாவிடத்து, இரு திறத்தாரும் அடையத்தக்க இடைநிலைச் சேவையகம் ஒன்று குரலை வாங்கி மற்றவரிடம் சேர்ப்பிக்கின்றது. பலர் கூடும் கூட்டங்களில் இச்சேவையகமே கூட்ட மண்டபமாகும். ஒவ்வொருவரும் தம் குரலையும் படத்தையும் அதற்கு ஒருமுறை அனுப்புகின்றனர்; அது மற்றையோர்க்கெல்லாம் பகிர்கின்றது.

கதவும் திறவுகோலும்

தொலைவிலிருந்து வருபவர்க்குத் திறக்கும் கதவு, வரக்கூடாதவர்க்கும் தெரியும் கதவாகும். உள்ளக இணைப்பகத்தின் கடவுச்சொல் எளியதாயின், எங்கோ இருக்கும் கள்வர் அலுவலக இலக்கத்தின் பெயரால் வெளிநாட்டின் உயர்கட்டண இலக்கங்களுக்கு இரவெல்லாம் அழைப்பர். அவ்விலக்கங்களின் வருவாயில் அவர்க்கும் பங்குண்டு. மாத இறுதியில் கட்டணச் சிட்டை வரும்போதே அலுவலகம் விழிக்கும்.

கூட்டங்களின் அனுபவமும் இதனையே உணர்த்திற்று. 2019 டிசம்பரில் நாளொன்றுக்கு ஒரு கோடியாயிருந்த ஸூம் கூட்டப் பங்கேற்பு, 2020 ஏப்பிரலில் முப்பது கோடியாயிற்று. அவ்விரைவில், அழையா விருந்தினர் வகுப்புகளுள் நுழைந்து இழிசொல்லும் இழிபடமும் காட்டிய நிகழ்ச்சிகள் பல நாடுகளில் நேர்ந்தன. 2020 ஏப்பிரல் 5 முதல் கடவுச்சொல்லும் காத்திருப்பு அறையும் இயல்பான ஏற்பாடுகளாக்கப்பட்டன. வாயிலில் ஒருவரை நிறுத்திப் பெயர் கேட்டு உள்ளே விடும் பழைய வழக்கமே வேறுருவில் மீண்டது எனலாம்.

கோப்புகளை அடைதற்கு வி.பி.என். என்னும் மறைவழி பெரிதும் பயன்பட்டுள்ளது. அது வீட்டுக் கணினிக்கும் அலுவலக வலையமைப்புக்கும் இடையே மறைகுறியாக்கப்பட்ட சுரங்கப்பாதை ஒன்றை அமைக்கின்றது. இதன் குறை யாதெனின், சுரங்கத்தின் மறுமுனையில் வெளிப்படுபவர் வளவு முழுவதற்கும் உள்ளாள் ஆகிவிடுதல். திறவுகோற் கொத்து முழுவதையும் ஒருவர் கையில் கொடுத்தற்கு ஒப்பான இம்முறையை விடுத்து, ஒவ்வோர் அறைக்கும் தனித்தனியே ஆளறிந்து திறக்கும் முறையை அண்மைக்கால வல்லுநர் வலியுறுத்துகின்றனர். கடவுச்சொல்லோடு கைத்தொலைபேசிக்கு வரும் ஒருமுறை எண்ணையும் கேட்டல், அவ்வாளறிதலின் எளிய வடிவம். பல்கலைக்கழக உலகில் எடுரோம் என வழங்கும் முறையும் குறிப்பிடற்பாலது. வேறொரு பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் ஆசிரியர் தம் சொந்த நிறுவனத்தின் அடையாளத்தைக் கொண்டே அங்கு இணையத்தைப் பெறுகின்றார். இன்னார் என்பதற்குச் சான்று கூறுவது அவருடைய தாய் நிறுவனம். இடம் கொடுப்பது விருந்து நிறுவனம்.

இரண்டு சோதனைகள்

இவ்வேற்பாடுகள் இலங்கையில் இருமுறை கடுஞ்சோதனைக்கு உட்பட்டன. முதலாவது கொவிட்-19. 2020 மார்ச்சில் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டு, அம்மாதம் 20ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு விதிக்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில், ஒலுவிலுக்கு அயலிலுள்ள அக்கரைப்பற்றுப் பொலிஸ் பிரிவும் தனிமைப்படுத்தப்பட்டது. அவ்வேளை நாட்டின் பல்கலைக்கழகங்களுக்குக் கைகொடுத்தது லேர்ன் எனப்படும் இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அபய இந்துருவ முதலியோரின் முயற்சியால் 1989ஆம் ஆண்டளவில் கருக்கொண்ட இவ்வமைப்பு, முப்பது ஆண்டுகள் கழித்து, பல்கலைக்கழகங்களின் விரிவுரைகள் ஸூம் வழியே நடைபெற வழிசெய்தது. தொலைத்தொடர்பு நிறுவனங்களும் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் இசைவோடு, பல்கலைக்கழகச் சேவையகங்களை மாணாக்கர் கட்டணமின்றி அடைய ஒரு காலம்வரை இடமளித்தன.

இச்சலுகையின் பொருள் ஆழ்ந்து நோக்கற்பாலது. சேவையகம் நாட்டுக்குள், அறியப்பட்ட முகவரியில் இருந்தாலே அதற்குச் செல்லும் பொதிகளைப் பிரித்தறிந்து கட்டணத்தை விலக்குதல் எளிது. பொது நிறுவனங்கள் தமக்கென ஒரு வலையமைப்பைப் பல்லாண்டு முன்னரே கட்டி வைத்திருந்தமையாற்றான் ஆபத்து வந்த நாளில் அது பயன்பட்டது. வெள்ளம் வருமுன் கட்டிய அணை அது.

இரண்டாவது சோதனை 2022இன் பொருளாதார நெருக்கடி. அவ்வாண்டு ஜூனில் எரிபொருள் தீர்ந்த நிலையில், அத்தியாவசியமல்லாத அரசு ஊழியர் வீட்டிலிருந்தே பணிபுரியுமாறு பணிக்கப்பட்டனர். ஆனால் அதற்குச் சில மாதங்கள் முன்னர், மார்ச் இறுதியில், நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவிற்று. வண்டியில்லை, ஆதலின் வீட்டிலிரு என்றது ஒரு தட்டுப்பாடு. மின்சாரமில்லை, ஆதலின் வீட்டிலும் வேலையில்லை என்றது மற்றொன்று.

பழைய செப்புக்கம்பித் தொலைபேசி வீட்டு மின்சாரத்தை வேண்டியதில்லை. தொலைபேசி நிலையத்திலிருந்த மின்கலங்களின் 48 வோல்ட் மின்னோட்டம் கம்பி வழியே வந்து அதனை இயக்கிற்று. ஊர் இருண்டாலும் மணி ஒலித்தது. ஒளியிழையோ மின்னோட்டத்தைக் கொணராது. ரவுட்டர், கணினி, கோபுரம் ஆகிய ஒவ்வொன்றும் தத்தமக்கெனத் தனி மின்சாரம் வேண்டுவன. இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. ரவுட்டர் ஒன்று 10 வாற்றளவே கொள்ளும். 12 வோல்ட், 7 அம்பியர்-மணி கொள்ளளவுள்ள சிறு மின்கலம் ஒன்று அதனை ஏட்டுக் கணக்கில் எட்டு மணித்தியாலமும், இழப்புகளைக் கழித்து ஐந்தாறு மணித்தியாலமும் இயக்கவல்லது. ஆயினும் அதனை வாங்கித் தருபவர் யார்?

விலையை இறுப்பவர்

இவ்வினாவே இப்பொருளின் உயிர்நிலை. அலுவலகம் கட்டடமாயிருந்த காலத்தில் அதன் கூரை, மேசை, விளக்கு, தொலைபேசிக் கட்டணம் ஆகிய அனைத்தும் நிறுவனத்தின் செலவு. அலுவலகம் வீட்டுக்கு வந்தபோது இடமும் மின்சாரமும் டேட்டாவும் கருவியும் ஓசையின்றிப் பணியாளரின் செலவாயின. பேராசிரியர்க்கு இது பெரிதன்று. எழுதுவினைஞர்க்கும், மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கைத்தொலைபேசி உள்ள மீனவர் வீட்டு மாணவிக்கும் இதுவே வாயிலை அடைக்கும் தாழ்ப்பாள். வருகைப் பதிவில் ‘சமுகமளிக்கவில்லை’ என எழுதப்படும் இடத்தில், ‘இணைப்பு இல்லை’ என்பதே பல வேளை உண்மையாகும்.

பணத்தோடு காலமும் விலையாகின்றது. மேசையை விட்டு எழுந்தால் பணி முடிந்தது என்னும் பழைய எல்லை இப்பொழுது இல்லை. கைக்குழந்தையுடைய ஆசிரியை ஒருவர் சாய்ந்தமருதில் இருந்தவாறே பீடக் கூட்டத்தில் வாக்களிக்கின்றார் என்பது பெரும் நன்மை; அவர் அடுப்படியில் நிற்கும் இரவு ஒன்பது மணிக்கும் அதே கருவி அவரை அழைக்கின்றது என்பது அந்நன்மையின் மறுபக்கம். பிரான்சு நாட்டில் 2017 ஜனவரி முதல், ஐம்பதுக்கு மேற்பட்ட ஊழியரைக் கொண்ட நிறுவனங்கள், பணிநேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டித்திருக்கும் உரிமையைப் பற்றி ஊழியரோடு பேசி ஒழுங்குசெய்தல் வேண்டுமெனச் சட்டம் விதித்தது. இலங்கையில், 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் இலத்திரனியல் ஆவணத்துக்கு ஏற்புடைமை தந்தது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் தனிப்பட்ட தரவுகளின் பாதுகாப்பை நோக்கி இயற்றப்பட்டது. ஆவணத்தைக் காக்கும் சட்டமும் தரவைக் காக்கும் சட்டமும் தோன்றிய வழியில், பணியாளரின் ஓய்வைக் காக்கும் முறையொன்றும் தோன்றுதல் முறையே.

தொலைவிலிருந்து பணிபுரிதல் தூரத்தை அழிக்கின்றது என்பது பொதுவழக்கு. அது முழுவதும் உண்மையன்று. ஊருக்கும் தலைநகருக்கும் இடையிலிருந்த தூரத்தை அது குறைக்கின்றது. ஆனால் மின்கலம் உள்ள வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும், தனியறை உடையவர்க்கும் இல்லாதவர்க்கும் இடையிலுள்ள தூரத்தை அது வெளிக்காட்டுவதன்றிக் குறைப்பதில்லை. 2024 நவம்பர் இறுதியில் பெருவெள்ளம் அம்பாறைக் கரையோரத்தின் வீதிகளை மூடியதுபோல, வீதி மூடும் நாள்கள் இனியும் வரும். அந்நாளில் நிறுவனமொன்றின் வலிமை அதன் மென்பொருளின் புதுமையால் அளக்கப்படுவதில்லை. அதன் கடைநிலை ஊழியரும் வறிய மாணாக்கரும் அன்று கூட்டத்துக்குள் நுழைய முடிந்ததா என்பதே அளவுகோல். இணைப்பு, கருவி, மின்கலம் ஆகியவற்றை மேசை நாற்காலி போல நிறுவனத்தின் பொறுப்பெனக் கருதி, வரவுசெலவுத் திட்டத்தில் அவற்றுக்கு இடமளிக்கும் நாளிலேயே, இருந்த இடத்து அலுவலகம் அனைவர்க்கும் உரிய அலுவலகமாகும்.